கம்பி கட்டுகிற அன்றைக்கு ஆள் அனுப்புங்கள்: மாவட்ட ஆட்சியருக்கு ஒரு கொத்தனாரின் திறந்த மடல்

மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

போன வெள்ளிக்கிழமை எங்கள் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு இரண்டு பக்கத் தாள் ஒன்று வந்தது. எங்கள் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியை அரசு–தனியார் கூட்டு முறையில் (பிபிபி) கட்டுவதற்கு 'முழு மனதுடன் சம்மதிக்கிறோம்' என்று நாங்கள் தீர்மானம் போட்டதாக அதில் முன்கூட்டியே தட்டச்சு செய்திருந்தது. உறுப்பினர்கள் கையெழுத்துப் போடக் கோடுகூடக் கிழித்து வைத்திருந்தார்கள். ஒப்பந்தத்தைக் காட்டுங்கள் என்று கேட்டோம். அது பிறகு வரும், முதலில் சம்மதம் வேண்டும் என்றார் கொண்டுவந்த அலுவலர். அந்தத் தாளில் தெளிவாக இருந்தது ஒன்றுதான்: பள்ளி நிலத்தின் சர்வே எண்.

நாங்கள் கையெழுத்துப் போடவில்லை. ஏன் போடவில்லை என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். ஊர் பெயரும் மாவட்டத்தின் பெயரும் இதில் இல்லாததற்குக் காரணம் உண்டு. எங்கள் தலைமை ஆசிரியருக்கு இன்னும் நான்கு வருட சர்வீஸ் இருக்கிறது. அவருக்கு ஒரு 17பி (ஒழுங்கு நடவடிக்கைக் குற்றச்சாட்டு) வாங்கிக் கொடுத்துவிட்டு நாங்கள் நல்ல பெயர் எடுக்க விரும்பவில்லை. உங்கள் அலுவலகத்தில் கொடுத்த பிரதியில் எல்லா விவரமும் இருக்கிறது.

நான் கொத்தனார். 27 வருடத் தொழில், அதில் 8 வருடம் சிங்கப்பூரில். இதே பள்ளியில் எட்டாவது வரை படித்தவன். முன்னாள் மாணவர் என்ற வகையில் குழுவில் இருக்கிறேன். பாடத்திட்டம் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. சுவரும் கூரையும் தெரியும்.

2021 டிசம்பர் 17-ம் தேதி திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிவறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகு மாநிலம் முழுக்கப் பழுதான பள்ளிக் கட்டடங்களைக் கணக்கெடுத்து இடிக்க உத்தரவு வந்தது. சரியான உத்தரவு. எங்கள் பள்ளியில் 2022 ஜனவரியில் ஜேசிபி வந்தது. கூரை பெயர்ந்துகொண்டிருந்த காங்கிரீட் கட்டடத்தை அரை நாளில் தரைமட்டமாக்கினார்கள். பக்கத்தில் இருந்த ஓட்டுக் கட்டடத்தையும் பட்டியலில் சேர்த்துவிட்டதால் அதையும் இடித்தார்கள். அதன் சுவரை உடைக்க அதே ஜேசிபி இரண்டு நாள் திணறியது. ஊரே நின்று பார்த்தது.

இடித்த வருடம் ஒன்றாம் வகுப்பில் இருந்த பிள்ளை இப்போது ஐந்தாம் வகுப்பு. பிள்ளைகள் சமுதாயக் கூடத்தில் படிக்கிறார்கள். கோயில் மண்டபம் தருகிறோம் என்று ஊர்ப் பெரியவர்கள் சொன்னபோது, வேண்டாம் என்று தலைமை ஆசிரியர் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார். ஏன் என்று உங்களுக்கும் தெரியும். சமுதாயக் கூடத்தில் முகூர்த்த நாளன்று கல்யாணம் நடக்கும். அன்றைக்கு வகுப்பு வேப்பமரத்தடியில். போன ஆவணியில் மட்டும் நான்கு வேலை நாள் அப்படிப் போனது. மறுநாள் காலையில் வந்தால் கரும்பலகையில் மாப்பிள்ளை பெண் பெயர் எழுதி இருக்கும். அதை அழித்துவிட்டுத்தான் வாய்ப்பாடு. இதையாவது சிரித்துக்கொண்டு சொல்லிவிடலாம். கழிவறை இல்லாததைச் சிரித்துக்கொண்டு சொல்ல முடியவில்லை. ஆறு, ஏழு, எட்டு படிக்கிற பெண் பிள்ளைகள் பதினோரு மணி இடைவேளையில் வீட்டுக்குப் போகிறார்கள். தூரத்து வீட்டுப் பிள்ளைகள் காலையில் தண்ணீரே குடிக்காமல் வருகிறார்கள்.

இந்த நான்கு வருடத்தில் இரண்டு முறை டெண்டர் விட்டார்கள். இரண்டு முறையும் ஒருவரும் எடுக்கவில்லை. காரணம் பெரிய ரகசியம் இல்லை. மதிப்பீடு பழைய விலைவிகிதத்தில் போட்டது. அந்த விலைக்கு எம்-சாண்டும் கம்பியும் வாங்கிக் கட்டினால் ஒப்பந்தக்காரர் வீட்டை விற்க வேண்டும். மதிப்பீட்டைத் திருத்துங்கள் என்று நாங்கள் மூன்று மனு கொடுத்தோம், மூன்றுக்கும் ரசீது வைத்திருக்கிறோம். திருத்துவதற்குப் பதிலாக, டெண்டர் முறையே சரியில்லை, பிபிபிக்குப் போகலாம் என்று இப்போது தாள் வருகிறது.

டெண்டர் முறையில் குற்றமே இல்லை என்று வாதாட நான் வரவில்லை. அதில் எவ்வளவு குற்றம் உண்டு என்று இந்த ஊரில் என்னைவிட அதிகம் தெரிந்தவர் இருக்க முடியாது. ஏனென்றால், அரை நாளில் இடித்துத் தள்ளிய அந்தக் காங்கிரீட் கட்டடத்தைக் கட்டியவர்களில் நானும் ஒருவன்.

1998. எனக்கு 19 வயது, சித்தாள் வேலை. ரூஃப் போடுகிற அன்று காலையில் ஓவர்சியர் வந்து கம்பியைப் பார்த்த பிறகுதான் காங்கிரீட் என்று பேச்சு. அவர் வரவில்லை. மிக்சர் மெஷினுக்கு வாடகை ஏறுகிறது என்று சாயங்காலம் நான்கு மணிக்கு ஆரம்பித்தோம். பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் இரவு பதினோரு மணி வரை போட்டோம். கம்பியைப் பலகையில் ஒட்டாமல் தூக்கிப் பிடிக்கிற கவர் கட்டை அடியில் கிடையாது. ஜல்லிக் கல்லை வைத்து நிமிர்த்தினோம். ஆட்கள் மேலே நடக்க நடக்க அதுவும் நகர்ந்து, கம்பி போய்ப் பலகையிலேயே உட்கார்ந்தது. கலவை சீக்கிரம் ஓட வேண்டும் என்று தண்ணீரைக் கூட்டி ஊற்றியது என் கைதான். கூரையில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்த வேண்டிய நாட்களில் மூன்று நாளோடு மோட்டார் எரிந்து போனது, யாரும் கேட்கவில்லை. வேலையை அளந்து எழுதுகிற எம்-புக்கில் எல்லாம் சரியாகத்தான் ஏறியிருக்கும், பில் பாஸானதே! பழுது வந்தால் ஒப்பந்தக்காரர் சரிசெய்ய வேண்டிய பொறுப்புக் காலம் முடிந்து டெபாசிட்டும் திரும்பப் போய்விட்டது.

கம்பிக்கும் வெளிக்காற்றுக்கும் நடுவில் போதுமான காங்கிரீட் இல்லையென்றால் ஈரம் உள்ளே போகும். கம்பி துருப்பிடிக்கும், துருப்பிடித்தால் ஊதும், ஊதினால் அடியில் இருக்கிற காங்கிரீட்டைத் தள்ளிவிடும். பதினைந்து வருடம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை நான்காம் வகுப்புப் பெஞ்சின் மேல் ஒரு முறம் அளவுக்குப் பெயர்ந்து விழுந்தது. திங்கட்கிழமை விழுந்திருந்தால் நான் இந்தக் கடிதத்தை வேறு மாதிரி எழுதியிருப்பேன், அல்லது எழுதவே வெட்கப்பட்டிருப்பேன்.

அந்த ஒப்பந்தக்காரர் கெட்ட மனிதர் இல்லை. மதிப்பீட்டுக்குக் கீழே விலை போட்டால்தான் வேலை கிடைக்கும் என்று போட்டார். கிடைத்த பிறகு கொடுக்க வேண்டியவர்களுக்கெல்லாம் கொடுத்தார். மிச்சம் இருந்ததில் கட்டினார். 1998-ல்தான் தமிழ்நாடு டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டமும் வந்தது என்று என் மகள் சொல்கிறாள். பெட்டியைத் திறந்து விலை படிப்பது அதற்குப் பிறகு வெளிப்படையாக நடந்திருக்கலாம். ராத்திரி பதினோரு மணிக்கு ரூஃப் போட்டதை அந்தச் சட்டம் எங்கிருந்து பார்க்கும்?

அதனால், "தனியார் கம்பெனியே 20 வருடம் பராமரிக்கணும்னு போட்டால் அவங்களே ஒழுங்காக் கட்டுவாங்க" என்று அந்த அலுவலர் சொன்னபோது, எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஒழுகினால் தன் கைக்காசு போகும் என்றால் யாரும் கவனமாகக் கட்டுவார்கள். சிங்கப்பூரில் நான் இருந்த காலத்தில் சுவா சூ காங் பக்கம் ஒரு பெரிய தொழில்நுட்பக் கல்விக் கழகம் இந்தக் கூட்டு முறையில்தான் எழுந்தது, 2010-ல் திறந்தார்கள். அதைக் குறை சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

ஆனால் அங்கே நான் வேலை பார்த்த வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அடுக்குமாடி சைட்டுகளில் ஒரு வழக்கம். கம்பி கட்டி முடித்ததும் நாங்கள் கீழே இறங்கி நிற்போம். மேற்பார்வைக்காரர் ஏறுவார். டேப் வைத்து இடைவெளி அளப்பார், கவர் கட்டையைக் காலால் தட்டிப் பார்ப்பார், ரிங்கை எண்ணுவார். அவர் கையெழுத்துப் போடாமல் காங்கிரீட் லாரி கேட்டுக்குள் வராது. அவருக்குச் சம்பளம் கொடுப்பது எங்கள் முதலாளி இல்லை. அதுதான் விஷயம். ஒருமுறை பதினெட்டாவது மாடியில் நான்கு கவர் கட்டை குறைந்ததற்கு இரண்டு மணி நேரம் லாரியை ரோட்டில் நிறுத்திவைத்தார். அன்றைக்கு எங்கள் ஃபோர்மேன் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. அடுத்த மாடியில் ஒரு கட்டைகூடக் குறையவில்லை.

என் மகள் சிவில் இன்ஜினியரிங் முடித்தவள். தாளைப் படித்ததும் அவள் எனக்கு எடின்பரோ கதையைச் சொன்னாள். ஸ்காட்லாந்தின் தலைநகரம். அங்கே மாநகராட்சி இதே மாதிரி தனியார் கூட்டில் பள்ளிகளைக் கட்டியது. 2016 ஜனவரி 29-ம் தேதி புயல் காற்றில் ஆக்ஸ்கேங்ஸ் தொடக்கப் பள்ளியின் சுவர் விழுந்தது. சுமார் 9 டன் கட்டுமானம். விடிகாலை என்பதால் பிள்ளைகள் யாரும் இல்லை. தோண்டிப் பார்த்தால், இரட்டைச் சுவரின் உள்பக்கத்தையும் வெளிப்பக்கத்தையும் பிணைக்கிற கம்பிக் கொக்கிகள் போதிய ஆழத்துக்குப் பதிக்கப்படவில்லை. மற்ற பள்ளிகளிலும் இதே குறை. ஏப்ரலில் 17 பள்ளிகளை ஒரேயடியாக மூடினார்கள். ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் வேறு இடம் தேடினார்கள். நீண்ட காலப் பராமரிப்பு ஒப்பந்தம் இருந்த கட்டடங்கள்தான் அத்தனையும்.

அடுத்த ஆண்டு வந்த விசாரணை அறிக்கை, தனியார் பணம் என்பதாலேயே சுவர் விழுந்தது என்று சொல்லவில்லை. அதை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். மாநகராட்சி தன் சார்பில் சைட்டில் நின்று பார்க்க ஆள் வைக்கவில்லை, கட்டியவர்களே தங்கள் வேலைக்குத் தாங்களே சான்று கொடுத்துக்கொண்டார்கள், அந்தக் கூட்டு ஒப்பந்தம் நடந்த விதமே மேற்பார்வையைக் குறைத்துவிட்டது என்றுதான் சொன்னது. சுவருக்குள் மறைந்த கொக்கி பத்து வருடத்துக்குக் கண்ணுக்குத் தெரியாது. பராமரிப்புக்கு வருகிறவர் பெயிண்ட் அடிப்பார், குழாய் மாற்றுவார். சுவரைப் பிளந்தா பார்ப்பார்?

1998-ல் எங்கள் ஊரில் வராத ஓவர்சியரும், எடின்பரோவில் இல்லாத மேற்பார்வைக்காரரும் ஒரே ஆள்தான். அந்த ஆளைக் கொண்டுவருவதைப் பற்றி உங்கள் இரண்டு பக்கத் தாளில் ஒரு வரி இல்லை.

பணக் கணக்குக்கு வருகிறேன். அரசிடம் பணம் இல்லை என்பது முழுப் பொய் இல்லை. 2024–25-க்கு ஒருங்கிணைந்த பள்ளிக்கல்வித் திட்டத்தில் வர வேண்டிய 2,152 கோடி ரூபாயை மத்திய அரசு நிறுத்திவைத்தது ஊர் அறிந்த செய்தி. ஆனால் கம்பெனி மட்டும் பணத்தை மரத்திலிருந்தா பறித்துக்கொண்டு வரும்? அதுவும் கடன்தான் வாங்கும். அரசுக்குக் கிடைக்கிற வட்டிக்கு அதற்குக் கிடைக்காது. அந்த வட்டியும் அதன் லாபமும் சேர்த்து வருடா வருடம் நாம்தான் கட்டப்போகிறோம். கையில் காசில்லை என்று அண்ணாச்சி கடையில் நோட்டில் எழுதி வாங்குகிற மாதிரிதான். வாங்குகிற அன்று சுலபமாக இருக்கும்.

இந்த முறையை உலகத்துக்கே சொல்லிக்கொடுத்த இங்கிலாந்தில், அரசின் தணிக்கை அலுவலகம் 2018-ல் கணக்குப் போட்டது. ஒரு தொகுதிப் பள்ளிகளை அரசே கடன் வாங்கிக் கட்டியிருந்தால் ஆகும் செலவைவிடத் தனியார் நிதி வழியில் சுமார் 40 சதவீதம் கூடுதல் என்று வந்தது. அதே ஆண்டு அக்டோபரில், இனிமேல் அந்த முறையில் புது ஒப்பந்தம் போடுவதில்லை என்று அவர்களுடைய நிதி அமைச்சரே அறிவித்துவிட்டார். அவர்கள் கழற்றிப் போட்ட சட்டையை நாம் புதுசு என்று வாங்கிப் போட வேண்டுமா? நம் நாட்டிலேயே 6,000 மாதிரிப் பள்ளிகள், அதில் 2,500 தனியார் கூட்டில் என்று 2008-ல் ஆரம்பித்த திட்டம் என்ன ஆனது என்று உங்கள் அலுவலகக் கோப்பிலேயே இருக்கும். 2015-ல் மத்திய அரசு தன் பங்கை நிறுத்திக்கொண்டது.

என்னை அதிகம் பயமுறுத்துவது லிவர்பூல் நகரத்துக் கதை. அங்கே ஸ்பீக் என்ற பகுதியில் தனியார் நிதியில் ஒரு பள்ளியைக் கட்டி 2002-ல் திறந்தார்கள். பிள்ளைகள் சேர்க்கை குறைந்து 2014-ல் மூடினார்கள். மூடிய பிறகும் ஒப்பந்தப்படி ஆண்டுக்குச் சுமார் 40 லட்சம் பவுண்டை மாநகராட்சி கட்டிக்கொண்டே இருந்தது. எங்கள் பள்ளியில் நான் படித்தபோது 300 பிள்ளைகள். இன்றைக்கு 118. சமுதாயக் கூடத்துக்கு எதற்கு அனுப்ப வேண்டும் என்று மஞ்சள் வேனில் ஏற்றி அனுப்புகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். 20 வருடம் கழித்து எத்தனை பேர் இருப்பார்கள் என்று உங்களாலும் சொல்ல முடியாது. பிள்ளை இல்லாத கட்டடத்துக்கு எந்த நிதியிலிருந்து தவணை கட்டுவீர்கள்?

அடுத்தது நிலம். எங்கள் ஒன்றியத்தில் 2022-ல் கட்டடத்தை இடித்துவிட்டு இன்னும் கட்டாத பள்ளிகள் ஒன்பது. பிபிபி பட்டியலில் இருப்பவை நான்கு. அந்த நான்கும் பஸ் போகிற சாலை மேல் இருக்கின்றன. மலையடிவாரத்துப் பள்ளி பட்டியலில் இல்லை. ஏரிக்கரைக் காலனிப் பள்ளி இல்லை. அங்கே பிள்ளைகள் தகரக் கொட்டகையில் இருக்கிறார்கள், எங்களைவிட மோசம். தாளின் இரண்டாவது பக்கத்தில் 'முகப்புப் பகுதியின் வணிகப் பயன்பாடு', 'பள்ளி நேரத்துக்குப் பின் மைதானப் பயன்பாடு' என்று இரண்டு வரி வருகிறது. அதைப் படித்த பிறகு, நான்கு ஏன் நான்காக இருக்கிறது என்பதற்கு விளக்கம் தேவைப்படவில்லை.

அந்த நிலம் ஒரு ஏக்கர் 40 சென்ட். 1958-ல், காமராசர் முதலமைச்சராக இருந்தபோது, கல்வித்துறை இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு இயக்கத்தின்போது எங்கள் ஊர்க் குடும்பம் ஒன்று எழுதிக்கொடுத்தது. 'பள்ளிக்கூடத்துக்கு மட்டும்' என்று பத்திரத்தில் இருக்கிறது. என் தாத்தா 11 வண்டி கருங்கல் அடித்தார். காசு வாங்கவில்லை என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார், கேட்பவருக்கும் கேட்காதவருக்கும். ஜேசிபி திணறியது அந்தச் சுவரில்தான். அரசும் ஊரும் அன்றைக்கும் கூட்டுத்தான் சேர்ந்தார்கள். கொடுத்தவர் யாரும் முகப்பில் கடை கேட்கவில்லை.

எங்கள் கோரிக்கைகள் இவை.

கையெழுத்துக் கேட்கும் அந்தத் தாளை நான்கு பள்ளிகளிலிருந்தும் திரும்பப் பெறுங்கள். கூட்டு முறையில்தான் கட்டுவோம் என்று நீங்கள் முடிவெடுத்திருந்தால், முழு ஒப்பந்த வரைவையும், ஆண்டுத் தவணை எவ்வளவு, எத்தனை ஆண்டு, பள்ளி மூடினால் என்ன ஆகும் என்பதையும் தமிழில் பள்ளியிலும் ஊராட்சி அலுவலகத்திலும் ஒட்டுங்கள். அதே கட்டடத்தை நபார்டு (ஊரக வளர்ச்சி வங்கி) கடனிலோ மாநில நிதியிலோ அரசே கட்டினால் என்ன ஆகும் என்ற கணக்கைப் பக்கத்திலேயே ஒட்டுங்கள். கிராம சபையில் வைத்து விவாதித்த பிறகு சம்மதம் கேளுங்கள்.

எங்கள் பள்ளி மதிப்பீட்டை நடப்பு ஆண்டின் விலைவிகிதத்தில் திருத்தி மூன்றாவது டெண்டர் விடுங்கள். 2022–23 பட்ஜெட்டில் பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டத்துக்கு ஐந்தாண்டுக்கு 7,000 கோடி ரூபாய் என்று அறிவித்தார்கள். அதில் எங்கள் பள்ளி எந்த ஆண்டுப் பட்டியலில் இருக்கிறது, இல்லையென்றால் ஏன் இல்லை என்று எழுத்தில் தெரிவியுங்கள்.

பராமரிப்புதான் கவலை என்றால் அதை டெண்டரிலேயே சேருங்கள். பத்து வருடம் கூரை ஒழுகினால், பூச்சு உதிர்ந்தால் கட்டியவரே சரிசெய்ய வேண்டும் என்று நிபந்தனை போட்டு, பில் தொகையில் ஒரு பங்கை அதுவரை பிடித்துவையுங்கள். அதற்கேற்ற விலையையும் மதிப்பீட்டில் கொடுங்கள். இதற்கு நிலத்தையோ சாவியையோ யாரிடமும் ஒப்படைக்கத் தேவையில்லை.

ஒன்பது பள்ளிகளையும் ஒரே பட்டியலில், இடித்த தேதி வரிசைப்படி வையுங்கள். ஏரிக்கரைக் காலனிப் பள்ளி எங்களுக்கு மூன்று வாரம் முன்பு இடிக்கப்பட்டது. அது முதலில் வரட்டும்.

ஐப்பசி மழை பிடிப்பதற்குள் சமுதாயக் கூடத்துக்குப் பின்னால் பெண் பிள்ளைகளுக்கு நான்கு கழிவறை வேண்டும், தண்ணீர் வசதியோடு. இதற்கு டெண்டரும் வேண்டாம், பிபிபியும் வேண்டாம். உங்கள் ஒரு உத்தரவு போதும். வேலையாட்களை நான் தருகிறேன்.

கடைசியாக ஒன்று. யார் கட்டினாலும் சரி, கட்டுகிறவரிடம் சம்பளம் வாங்காத ஒரு பொறியாளரை அஸ்திவாரம், லிண்டல், ரூஃப் என்று ஒவ்வொரு காங்கிரீட்டுக்கும் முன்னால் சைட்டுக்கு அனுப்புங்கள். வரைபடத்தின் பிரதி ஒன்று பள்ளி மேலாண்மைக் குழுவிடம் இருக்கட்டும். காங்கிரீட் கட்டிச் சோதனை முடிவைப் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொல்லுங்கள். கம்பி கட்டி முடிக்கிற அன்றைக்கு முந்தின நாள் எங்களுக்குத் தகவல் கொடுங்கள். நானும் வருகிறேன், கூலி வேண்டாம். கவர் கட்டையை எண்ணிப் பார்த்து நான் கையெழுத்துப் போடுகிறேன். உங்கள் பொறியாளரும் போடட்டும். அதன் பிறகு லாரியை உள்ளே விடுங்கள்.

அடுத்த மாதம் முதல் வெள்ளிக்கிழமை எங்கள் கூட்டம். அதற்கு முன் எழுத்தில் பதில் வேண்டும்.

இப்படிக்கு,
பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர், முன்னாள் மாணவர்
ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி (தற்போது சமுதாயக் கூடம்)